பிரேமினி கேட்கும் கேள்வி

கறுப்பு லைனிங் துணியை வெட்டு மேசையில் விரித்து, ஒரு பக்கம் கத்தரிக்கோலையும் மறுபக்கம் இஸ்திரிப் பெட்டியையும் பாரத்துக்கு வைத்த பிறகு, தையல் சோக்கால் பிரேமினி முதலில் வரைவது ஓர் ஆறு. அப்புறம் ஒரு மலை, மலைக்குப் பின்னால் பாழடைந்த பங்களா, பங்களாவுக்கு அடியில் யாரும் போகாத ஒரு சுரங்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குள் இத்தனையும் முடிந்திருக்கும். வாயில் நாலைந்து குண்டூசி இருக்கும். பூண்டுலோயா பஸாரில் மாடிப்படி ஏறிப் போகிற அந்தத் தையல் கடையின் கதவு அந்த நேரத்தில் பாதி சாத்தியிருந்தால், ரவிக்கை தைக்க வந்தவர்கள் பேசாமல் திரும்பிப் போய்விட வேண்டியதுதான். உள்ளே ஆட்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஆட்டம் என்றால் சீட்டும் இல்லை, தாயமும் இல்லை. நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேஷத்தை மனதுக்குள் போட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் வைத்தியர், ஒருவர் வில்லாளி, இன்னொருவர் பாதை கண்டுபிடிப்பவர். இடத்தையும் நடப்பதையும் பிரேமினி சொல்லுவாள். சொல்லிவிட்டு, “இப்ப என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்பாள். அவர்கள் ஏதாவது செய்கிறேன் என்பார்கள். அது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு காய் உருண்டு தீர்மானிக்கும். அதற்கு இங்கே ‘உருண்டை’ என்றே பேர். வெற்றியும் கிடையாது, தோல்வியும் கிடையாது. போன வாரம் விட்ட இடத்திலிருந்து இந்த வாரம் தொடர்வதுதான். தொடரத் தொடர ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

பிரேமினிக்கு முப்பத்தேழு வயது. மெலிந்த உடம்பு, எந்நேரமும் ஒரு பழுப்புச் சுவெட்டர், கழுத்தில் அளவு நாடா. வருகிறவரைக் கண்ணாலேயே அளந்துவிடுகிற பழக்கம் அவளுக்கு. அதை ஆட்டத்துக்குள்ளும் கொண்டுவந்துவிட்டாள். சுரங்கத்திலிருந்து ஒரு பூதம் வெளிப்பட்டால் அதன் கண்ணைப் பற்றியோ பல்லைப் பற்றியோ சொல்ல மாட்டாள். “தோளு முப்பத்தாறு. இடுப்பு அறுவத்திநாலு. கை மட்டும் எவ்வளவுன்னு தெரியல, நாடா பத்தல” என்பாள். கேட்கிறவர்கள் நாற்காலியைப் பின்னுக்கு இழுக்க அதுவே போதும். குண்டூசிகளை உதட்டில் இடுக்கிக்கொண்டே கதை சொல்வதால் பேச்சு பல்லுக்கிடையில்தான் வரும். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைக்க ஆரம்பித்தால் ஏதோ வில்லங்கம் வருகிறது. “ஊசிய எடுக்குது புள்ள, எல்லாரும் சூதானமா இருங்க” என்று ஆண்டியப்பன் முன்கூட்டியே சொல்லிவிடுவார். தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புப் பார்க்கிறவர் அவர். ஆபத்தை மோப்பம் பிடிப்பதில் தனக்கு நிகர் யாருமில்லை என்பது அவருடைய எண்ணம்.

அவள் புருஷனுக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. ஞாயிறு நாலு மணிக்கு ஓய்வு கிடைத்தால் போனில் கோல் எடுப்பார். “இப்ப பாதாளத்துல இருக்கோங்க, மேல வந்ததும் எடுக்கிறேன்” என்று வைத்துவிடுவாள். மனிதர் முதலில் கோபித்துக்கொண்டார், அப்புறம் பழகிப்போனார். இப்போதெல்லாம் ஐந்தரைக்குத்தான் எடுக்கிறார்.

கடை வைப்பதற்கு முன்னால் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் ஆறு வருஷம் அறை கூட்டினாள். ஒரு மழைக்காலத்தில் கொழும்பிலிருந்து வந்த ஐந்து பேர், ஏரியும் பார்க்காமல் பூங்காவும் பார்க்காமல் மூன்று நாளும் முன் ஹோலில் உட்கார்ந்து இதைத்தான் ஆடினார்கள். தேத்தண்ணித் தட்டோடு போனவள் நின்று கேட்டாள். இரண்டாம் நாள் அவர்கள் கேட்காமலேயே தேத்தண்ணி கொண்டுபோனாள். மூன்றாம் நாள் அப்படி ஐந்து தரம் போயிருக்கிறாள். அவர்கள் கிளம்பிய பிறகு கட்டிலுக்கடியில் கூட்டும்போது அந்த உருண்டை அகப்பட்டது. ஆள் விட்டு விசாரித்ததில், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். “ரூல்ஸ் பொஸ்தகமெல்லாம் நான் கண்டதில்ல. காதுல விழுந்தத வச்சி நானே பதினோரு விதி எழுதிக்கிட்டேன்” என்பாள். விதி எழுதிய கொப்பிக்குப் பிறகு கதை எழுதிய கொப்பிகள் பதினேழு சேர்ந்துவிட்டன. ஏழாவது விதி, ‘இங்கு அரைப்பேர் கிடையாது’ என்பது. தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான் விழும், பாதி நாள் வேலைதான் கணக்கு. இந்த மேசையில் வந்து உட்கார்ந்தால் முழுப்பேர், ஒரு வார்த்தை பேசாவிட்டாலும்.

அப்படி ஒரு விதி எதற்கு என்று கேட்டால் முதல் நாள் கதையைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு வந்தவர்கள் மூன்று பேர். ஆண்டியப்பன், ஆட்டோ ஓட்டுகிற ஜீவராஜ், இருபத்தேழு வருஷமாகக் கொழுந்து பறிக்கிற மீனம்மா. பிரேமினி பார்த்துப் பார்த்து வரைந்து வைத்து, “நாலு பாத பிரியிற சந்தியில நிக்கிறீங்க. என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்டாள். மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். தோட்டத்தில் விடிகாலை வேலை பிரிக்கிற பெரட்டில் வரிசையாக நின்று, யாருக்கு எந்த மலை என்று மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா சொல்லும்வரை காத்திருப்பார்களே, அந்தப் பார்வை. தோட்ட வேலைக்கே போகாத ஜீவராஜும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான்.

கடைசியில் மீனம்மா வாயைத் திறந்தார். “நீ சொல்லு தங்கச்சி, எந்தப் பக்கம் போகணும்?”

“அத நீங்கதான்க்கா சொல்லணும்.”

மீனம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். “சரி. அங்க போயி எத்தன கிலோ எடுக்கணும்?”

இதைச் சொல்லி இன்றைக்கும் சிரிப்பார்கள், மீனம்மாவும் சேர்ந்து சிரிப்பார். சுரங்கத்தில் ஒரு பெட்டி நிறையத் தங்கம் கிடைத்த அன்றும் இதே கூத்துதான். இத எங்க ஒப்படைக்கிறது, ஆபீஸ்லயா ஸ்டோர்லயா என்று மூன்று பேரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அது உங்களுடையதுதான் என்று அவர்களை நம்பவைக்க பிரேமினிக்கு இரண்டு ஞாயிறு பிடித்தது. பூதம், பேய், பறக்கிற பாம்பு எதற்கும் இவர்கள் அஞ்சியதில்லை. ஒரு தரம், சும்மா இருக்கட்டுமே என்று சுரங்க வாசலில் ஒரு குளவிக்கூட்டைத் தொங்கவிட்டாள். தீர்ந்தது கதை. ஒரு மாதம் அந்தத் திசைக்கே ஒருவரும் போகவில்லை. குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தவர் மீனம்மா. பூதம் அவரை இதுவரை கொட்டியதில்லை.

அந்த மீனம்மா சொந்தமாக ஒரு முடிவு சொல்ல ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவரை, ஆண்டியப்பனைக் காட்டி, “அண்ணே போற பக்கம் நானும் போறேன்” என்பதுதான் அவர் பாட்டு. பிரேமினி அவசரப்படுத்த மாட்டாள், எடுத்தும் கொடுக்க மாட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். மற்றவர்கள் நெளிவார்கள். ஒரு ஞாயிறு அப்படிக் கால் மணி நேரம் காத்திருந்த பிறகு, “நான் எங்கயும் போகல. இந்த ஆத்தோரத்துலயே ஒக்காந்துக்கிறேன்” என்றார் மீனம்மா. சொன்னதோடு நிற்காமல் மூன்று வாரம் ஆற்றோரத்திலேயே உட்கார்ந்திருந்தார். மற்ற இரண்டு பேரும் அடிபட்டு மிதிபட்டுத் திரும்பி வந்தபோது, அவர் இருந்த இடத்திலேயே மீன் பிடித்து, கூடாரம் போட்டு, சுகமாக இருந்தார். அந்த வாரம் வீட்டுக்குப் போகும்போது மீனம்மாவின் நடையே வேறு மாதிரி இருந்தது என்று பிரேமினி சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

இந்த ஒன்பது வருஷத்தில் பூண்டுலோயாப் பக்கம் எத்தனையோ ஆட்டம் வந்தது. கேரம் வந்தது. பொய்க் காசு கொடுத்து வீதி வாங்குகிற ஆட்டம் வந்தது. போனில் பழம் வெட்டுகிற ஆட்டம் வந்தது. எல்லாம் ஒரு தீபாவளிக்கு வந்து அடுத்த தீபாவளிக்குள் ஆளில்லாமல் போயின. இது மட்டும் எப்படி நிற்கிறது என்று தக்ஷிகா ஒரு நாள் கேட்டாள். தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர் அவள். நாலு வருஷத்துக்கு முன் ஒரு சட்டை தைக்க வந்து, நாலாவது ஆளாக உட்கார்ந்துவிட்டாள்.

பிரேமினி ஊசியை எடுக்காமலேயே பதில் சொன்னாள். “மத்த ஆட்டமெல்லாம் என்ன ஆகும்னு முந்தியே பொட்டிக்குள்ள எழுதியிருக்கு டீச்சர். ஜெயிப்போம், இல்லாட்டித் தோப்போம். ரெண்டையும் நாலு வாட்டி பாத்துட்டா அலுத்துப்போகும். இதுல மீனம்மாக்கா அடுத்து என்ன செய்வாங்கன்னு எனக்கே தெரியாது. அதப் பாக்கத்தான் அடுத்த ஞாயிறும் கதவத் தெறக்கிறேன்.”

“நீங்க ஏன்க்கா ஒரு நாளும் எங்களோட சேந்து ஆடல?”

“கேக்கிறதுக்கு ஒரு ஆளு வேணாமா?” என்று சொல்லிவிட்டு ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம் இழுத்தாள்.

போன தைப்பொங்கல் கழிந்து ஜீவராஜின் மச்சான் கொழும்பிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். பெரிய பெட்டி, பளபளவென்று. உள்ளே மடிக்கிற பலகை, கையளவு உயரத்தில் நாலு பிளாஸ்டிக் வீரர்கள், கட்டுக் கட்டாகக் கார்டு. யாரும் கதை சொல்லத் தேவையில்லை. கார்டை எடுத்து வாசித்தால் அதுவே கதை சொல்லும். எல்லாம் இங்கிலிஷ், ஆனால் டீச்சர்தான் இருக்கிறாளே. “ஒரு வாரம் எங்க வீட்டுல வச்சி ஆடிப் பாப்போம், நீங்களும் வாங்கக்கா” என்று ஜீவராஜ் கூப்பிட்டான். கூப்பிட்டதில் ஒரு குறையும் இல்லை.

“நீங்க ஆடுங்க தம்பி. எனக்கு யூனிபோம் தைக்கக் கெடக்கு” என்றாள் பிரேமினி. ஒரு யூனிபோமும் கிடக்கவில்லை. எல்லாம் வீம்பு.

ஒரு வாரம் மூன்று வாரமானது. மூன்று ஞாயிறும் இரண்டு மணிக்குத் துணி விரித்தாள், ஆறு வரைந்தாள், மலை வரைந்தாள். ஐந்து மணிக்குத் தட்டி மடித்து வைத்தாள். புருஷன் ஐந்தரைக்கு எடுத்த கோலுக்கு முதல் மணியிலேயே ‘ஹலோ’ என்றதும், அவர் பயந்துபோய், உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அவளுக்கு வயிறு எரிந்தது. மறைக்கத் தெரிந்தவளும் இல்லை. கீழே போன் கார்டு விற்கிற கொமியூனிகேஷன் கடையில் இருக்கிற நிலக்ஷியிடம் போய்க் கொட்டினாள்.

“ஒம்போது வருஷம் நிலக்ஷி. ஒரு பிளாஸ்டிக் பொம்மையக் கண்டதும் ஓடிட்டாங்க. நான் சொன்ன பூதமெல்லாம் பூதமில்லயாக்கும்.”

“போயித்தான் பாத்துட்டு வாங்களேன்க்கா.”

“நான் எதுக்குப் போகணும்? வேணும்னா அவங்க வரட்டும்.”

சொன்னாளே தவிர, கோபத்தைவிடப் பயம்தான் அவளுக்கு அதிகம். வாரம் முழுக்க அடுத்தவர் அளவுக்கு வெட்டி, அடுத்தவர் சொன்ன மாதிரி கழுத்து வைத்து, அடுத்தவர் கேட்ட நாளுக்குள் கொடுக்கிறவள். தன் மனம்போல அவள் செய்தது இந்த ஆட்டம் ஒன்றுதான். அது போய்விட்டால் வெட்டு மேசை வெறும் வெட்டு மேசைதான். இன்னும் ஒரு ஞாயிறு பார்ப்பது, வராவிட்டால் அந்த லைனிங் துணியை இரண்டு ரவிக்கைக்கு வெட்டிவிடுவது என்று தீர்மானித்தாள். கத்தரிக்கோலைச் சாணை பிடித்தும் வைத்தாள்.

நாலாவது ஞாயிறு மூன்று மணியாகியும் படியில் காலடிச் சத்தம் இல்லை. கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். துணியின் ஓரத்தில் வைத்தாள். வெட்ட மனம் வரவில்லை. தைத்து முடித்துப் பத்து நாளாகக் கொக்கியில் தொங்குகிற மீனம்மாவின் ரவிக்கை கண்ணில் பட்டது. கொடுக்க வேண்டியதுதானே, கொடுத்துவிட்டு வந்துவிடலாம். இப்படித் தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லி, ரவிக்கையைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். மீனம்மா இந்த நேரத்தில் ஜீவராஜ் வீட்டில்தான் இருப்பார். அவன் இருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்கு ரோட்டிலிருந்து ஏற்றம். பனிமூட்டம் இறங்கி, தூறலும் பிடித்துக்கொண்டது. ஏறும்போதே மனதுக்குள் ஒரு சண்டைக்குத் தேவையான அத்தனை வார்த்தையையும் அடுக்கிக்கொண்டாள்.

வாசலுக்கு வந்தபோது உள்ளேயிருந்து மீனம்மாவின் குரல் கேட்டது. நிறுத்தி நிறுத்தி, சாவகாசமாக. “…கதவு லேசா தெறந்திருக்கு. உள்ள யாரோ மூச்சு வாங்குறாங்க. ஜீவராஜு, நீ என்ன செய்யப் போற?”

பிரேமினி வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தாள். கார்டெல்லாம் பெட்டிக்குள் கிடந்தன, பெட்டி கட்டிலுக்கடியில் கிடந்தது. பலகையைக் கவிழ்த்துப் போட்டு அதன் கறுப்பு முதுகில், டீச்சரின் பள்ளிக்கூடத்துச் சோக்கால் ஆறும் மலையும் வரைந்திருந்தார்கள். ஆறு கோணல், மலை அதைவிடக் கோணல். பலகையின் தலைமாட்டில் மீனம்மா உட்கார்ந்திருந்தார்.

முதலில் அவளைப் பார்த்தது ஜீவராஜ். திருடிப் பிடிபட்டவன் மாதிரி எழுந்து நின்றான். “அக்கா, வாங்க வாங்க. இது வந்து… மொத வாரமே கார்டு சரிப்படலக்கா. மூணாவது வாசலுக்குப் போன்னு வந்திச்சு. மீனம்மாக்கா போக மாட்டேன்னுட்டாங்க.”

“கார்டுல அப்படித்தான் போட்டிருக்குன்னு நான் சொன்னேன்” என்றாள் தக்ஷிகா. “அதுக்கு இவங்க கேட்ட கேள்வியில நான் கார்டக் கீழ வச்சிட்டேன்.”

“பொறகு என்ன?” என்றார் மீனம்மா. “ஆறு நாளும் கண்டாக்கையா சொல்ற மலைக்குத்தான் போறேன். ஏழாவது நாளு ஒரு அட்ட சொல்ற எடத்துக்கும் போகணுமா?”

“அப்பவே கடைக்கு வந்திருக்கலாமேக்கா.” பிரேமினிக்கு இவ்வளவுதான் வந்தது. அடுக்கி வைத்திருந்த வார்த்தையில் ஒன்றுகூட அகப்படவில்லை.

“நீதான் யூனிபோம் கெடக்குன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டியே. நாங்க எந்த மொகத்தோட வர்றது? கோவம் தீந்தா நீயே வருவேன்னு அண்ணன் சொன்னாரு. அதுவரைக்கும் சும்மா இருக்க முடியுதா? கேக்க ஆளில்லாம ஆட்டம் நடக்காது. அதான் நானே கேட்டேன்.”

சந்தோஷப்படுவதா, தன் இடத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்ததற்கு வருத்தப்படுவதா என்று பிரேமினிக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்தது. மீனம்மா செய்கிற தப்பெல்லாம் கண்ணில் குத்தியது. காயத்தைக் கணக்குப் பார்க்க மறந்துவிடுகிறார். ஆண்டியப்பன் உரக்கக் கத்தினால் போனால் போகிறதென்று விட்டுக்கொடுத்துவிடுகிறார். திருத்தலாம் என்று வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டாள். ரவிக்கைப் பொட்டலத்தை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, தக்ஷிகா நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்தாள்.

மீனம்மா அவள் பக்கம் திரும்பினார். “நீயி ஆத்தோரமா நிக்கிற தங்கச்சி. முன்னால ஒரு மரப்பாலம், நடுவுல நாலு பலகை இல்ல. அந்தப் பக்கம் ஒரு வெளக்கு எரியுது. யாரு ஏத்துனதுன்னு தெரியாது. என்ன செய்யப் போற?”

பிரேமினி பாலத்தைப் பார்த்தாள். இப்படி எத்தனை பாலம் அவள் வரைந்திருப்பாள். பலகை எப்போது முறியும், விளக்கு எப்போது அணையும் என்றெல்லாம் வரையும்போதே தெரியும். இந்தப் பாலத்தைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை. நாலு பேரும் அவளையே பார்த்தார்கள்.

“எந்தப் பக்கம்க்கா போகணும்?” என்று கேட்டுவிட்டாள்.

ஜீவராஜ் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டான். மீனம்மா சிரிக்கவில்லை. “அத நீதான் சொல்லணும்” என்றார், மெதுவாக.

ஆண்டியப்பன் எடுத்துக்கொடுக்க வாயெடுத்தார். மீனம்மா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார். தகரக் கூரையில் மழை வலுத்தது. ஜீவராஜின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். தேத்தண்ணியை யாரும் தொடவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது, மீனம்மா காத்துக்கொண்டே இருந்தார்.

பலகையில் அவளுக்கென்று ஒரு காய் இல்லை. நாலு பிளாஸ்டிக் வீரர்களில் மூன்றுக்கு ஆள் இருந்தது, நாலாவதை மீனம்மா பூதமாக்கியிருந்தார். பிரேமினி குனிந்தாள். தன் பழுப்புச் சுவெட்டரின் கடைசிப் பொத்தானைப் பல்லில் பிடித்து, நூலை வெடுக்கென்று கடித்து அறுத்தாள். அதைப் பாலத்தில், பலகை இல்லாத இடத்துக்கு ஒட்டி வைத்தாள். பிறகு ஒற்றை விரலால் அந்தப் பக்கம் தள்ளினாள்.